கேட்காமல் நடந்தவள்

பெட்டன்ஹோப்,
9 மார்ச் 1986

அன்புத் தம்பி எம்லினுக்கு,

உன் அக்கா நெஸ்டா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உன் இருமல் நின்றதா? கனடாக் குளிரில் தலையில் ஒன்றும் போடாமல் திரியாதே. நாற்பத்தெட்டு வயதுப் பையனுக்கு இதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள் சங்கதியை. டான்ஸ்பரிக் கோட்டைக்கு ஏறும் நம் பாதையைப் பூட்டிவிட்டார்கள்! ஹாட்ச்கிஸ் கிழவர் போன இலையுதிர் காலத்தில் காலமானதை எழுதினேன் அல்லவா? அவர் பண்ணையை லாவிங்டன் என்று ஒரு பட்டணத்துக்காரர் வாங்கினார். வந்ததும் வராததுமாகக் கேட்டில் என் மணிக்கட்டுத் தடிமனில் ஒரு சங்கிலி, பக்கத்தில் 'தனியார் நிலம்' என்று ஒரு பலகை. மாதா கோயில் முடிந்து வழக்கம்போல மலையேறக் கிளம்பிய நாங்கள் அதற்கு முன்னால் போய்த் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றோம்.

மாவட்ட வரைபடத்தில் அந்தப் பாதையே கிடையாதாம். ஆனால் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. பூட்டின நாளிலிருந்து பின்னோக்கி இருபது வருஷம் ஊரார் விடாமல் நடந்திருந்தால் அது பொதுப்பாதை, எந்தக் கொம்பனும் மூட முடியாது. நவம்பரில் நம் ஊர் மன்றத்திலேயே விசாரணை. நடந்தவர்கள் எல்லாரும் சாட்சி எழுத வேண்டும். நம் ஊரில் நடக்காதவர் யார்?

போன ஞாயிற்றுக்கிழமை வரை ஏறினேன், எம்லின். கோட்டையின் மூன்று மண்கரைகளும் பனி விலகிப் பச்சைப்பசேல் என்று கிடந்தன. மேற்கே வேல்ஸ் பக்கம் மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை. அங்கே போய் நின்றால் என் வயதும் எனக்குத் தெரியாது, முழங்காலும் தெரியாது. அது இல்லாமல் இந்த ஊரில் நான் என்ன செய்வேன், சொல்லு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
நெஸ்டா


சஸ்காச்சவன், கனடா,
30 மார்ச் 1986

அன்புள்ள அக்கா,

இருமல் போய்விட்டது. தொப்பியும் போடுகிறேன். உன் முழங்காலுக்குக் கடுகெண்ணெய் தேய்க்கிறாயா?

செய்தியைப் படித்துவிட்டுத் தானியக் கிடங்கு வேலைக்கு அன்று தாமதமாகத்தான் போனேன். இங்கே ஒரு கேலி உண்டு: வீட்டு நாய் ஓடிப்போனால் மூன்றாம் நாளும் அது ஓடுவது தெரியுமாம். அவ்வளவு சமவெளி. பதினெட்டு வருஷமாக இங்கே கண்ணுக்குத் தட்டுப்பட ஒரு மேடு இல்லை. கண்ணை மூடினால் டான்ஸ்பரிதான் வருகிறது. மான் கொம்பாலும் கூடையாலும் மண்ணை வெட்டிச் சுமந்து, இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் நிற்கிற மாதிரி மூன்று கரை எழுப்பினார்களே, அவர்கள் எப்பேர்ப்பட்ட ஆட்கள்! நான் இத்தனை வருஷம் இங்கே உழைத்து எழுப்பியது நாலு சுவர் உள்ள ஒரு மரவீடு.

நீ விடாதே, அக்கா. பூட்டும்வரை காலை வேளையில் யாரெல்லாம் மேலே போனார்கள்? எழுது.

உன் தம்பி,
எம்லின்


பெட்டன்ஹோப்,
5 மே 1986

அன்புத் தம்பிக்கு,

கடுகெண்ணெய் நாற்றம் எனக்கு ஆகாது. மற்றபடி சுகம். நீயும் சுகம்தானே?

யார் போனார்கள் என்று கேட்டாய். போதகர், அவர் மனைவி, தபால்கார பென், நான். நகரத்து நடைச் சங்கத்துக்காரர்கள் கோடையில் முதுகுமூட்டையோடு வருவார்கள். அப்புறம் அந்த நாய்க்காரி. மனுஷர்களோடு சேராமல் நாய்களோடு தனியாகப் போவாள், வருவாள். எதிரே வந்தால் ஒரு வணக்கம் கிடையாது. அவளை விடு.

நேற்றுக் கேக் ஞாயிறு. கிழவர் இருந்தவரை மே முதல் ஞாயிறு எப்படி இருக்கும், நினைவிருக்கிறதா? சீமைச் சீரகம் போட்டு நான் சுட்ட கேக்கை ஊரே ஊர்வலமாகப் பண்ணை வாசலுக்கு எடுத்துக்கொண்டு போவோம். "வழிக்கு நன்றி ஐயா" என்போம். அவர் தொப்பியைக் கழற்றி, "தாராளமா நடங்க, சந்தோஷமா நடங்க" என்று கேட்டைத் திறந்துவிடுவார். எத்தனை அழகான மரியாதை! இந்த மாதிரி எந்த ஊரில் நடக்கும்?

இதையெல்லாம் என் சாட்சியில் விவரமாக எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுப் போதகர் கண் கலங்கினார். மற்றவர்களும் என்னுடையதைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். இதற்கு மேல் அந்த லாவிங்டன் வாயைத் திறந்துவிடுவானா, பார்க்கலாம்.

அன்புடன்,
நெஸ்டா


பெட்டன்ஹோப்,
8 ஜூன் 1986

எம்லின்,

உன் பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலமில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துத்தான் சொன்னார்கள். மாவட்டத்திலிருந்து பாதை அதிகாரி வந்தார். மெலிந்த, கண்ணியமான மனிதர். என் சாட்சியைப் படித்தார். தேநீரைக் கீழே வைத்தார்.

"அம்மா, இந்தக் கேக்கு… வருஷா வருஷம் கொடுத்தீங்களா?"

"ஒரு வருஷம் விட்டதில்லை" என்றேன், பெருமையாக.

"அவரும் வருஷா வருஷம் 'நடங்க'ன்னு சொன்னாரா?"

"தொப்பியைக் கழற்றிச் சொன்னார்."

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "அப்ப நீங்க நடந்தது அவர் அனுமதியில. கேட்டு நடந்தா அது அவர் காட்டின தயவு, உரிமை ஆகாது. ஒருத்தரையும் கேக்காம, ஒளியாம, தகராறு பண்ணாம, பாதை நம்மளதுன்னு நினைச்சு நடந்திருக்கணும். சட்டம் அதைத்தான் எண்ணும்."

கேட்டாயா அநியாயத்தை? முரட்டுத்தனமாக நடந்திருந்தால் பாதை நமக்கு. மரியாதையாக நடந்ததால் லாவிங்டனுக்கு! ஊர் முழுக்க என் சாட்சியைப் பார்த்து எழுதியதால் ஊர் முழுக்கக் கேக் வாசனை. என் தலையில் மட்டும் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தால் பரவாயில்லை, எல்லார் தலையிலும் போட்டுவிட்டேன். நகரத்துக்காரர்கள் யாரையும் கேட்காமல் நடந்தவர்கள்தான், ஆனால் ஒருவர் நாலு வருஷம் வந்தார், இன்னொருவர் ஆறு வருஷம் வந்தார். இருபதையும் சேர்த்துக் கட்ட உள்ளூரில் ஒரு ஆள் வேண்டுமாம். கேக் கொடுக்காத ஆள்.

இரண்டு நாளாக அடுப்பே மூட்டவில்லை.

நெஸ்டா


சஸ்காச்சவன்,
29 ஜூன் 1986

அன்புள்ள அக்கா,

முதலில் அடுப்பை மூட்டிச் சாப்பிடு. நான் நலம். இங்கே கோதுமை முழங்காலுக்கு வந்துவிட்டது.

உன்னைத் திட்ட எனக்கு வாய் வராது. நம் வீட்டில் யார்தான் கேட்காமல் ஒரு காரியம் செய்தோம்? சொந்த வீட்டுக் கதவைக்கூடத் தட்டிவிட்டு நுழைகிற குடும்பம் நாம்.

நீ தேடுகிற ஆள் உள்ளூரிலேயே இருக்கிறாள். டில்லிஸ் பெடோஸ். அவள் யாரையும் எதற்கும் கேட்டவள் இல்லை. மழை, பனி எதுவானாலும் ஒரு காலைகூட அவள் அந்தப் பாதையை விட்டதில்லை. விட்டிருக்கவும் மாட்டாள்.

போய்ப் பார், அக்கா.

எம்லின்


பெட்டன்ஹோப்,
17 ஜூலை 1986

எம்லின்,

நான் சுகம். நீயும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி.

போயும் போயும் அந்த நாய்க்காரி வாசலிலா என்னை நிற்கச் சொல்கிறாய்? நம் அம்மாவின் அடக்கத்தன்று ஊரே கோயிலில் இருந்தபோது, சீழ்க்கை அடித்துக்கொண்டு மலையேறினவள் அவள். நான் மறக்கவில்லை.

பதினெட்டு வருஷக் கடிதங்களில் நீ ஒரு தடவைகூட அவள் பெயரை எழுதியதில்லை. அவள் ஒரு காலைகூட விடாதது உனக்கு எப்படித் தெரியும்?

விம்பரிக் காட்டுப்பழம் இந்த வருஷம் மலையில் கறுகறுவென்று காய்த்திருக்கும். பறிக்கத்தான் வழியில்லை.

நெஸ்டா


பெட்டன்ஹோப்,
14 செப்டம்பர் 1986

அன்புத் தம்பிக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல இஷ்டமில்லை என்றால் சொல்லாதே. அழுத்தக்காரன் நீ. நலமாக இருக்கிறேன் என்று மட்டுமாவது எழுதிவிடு.

போனேன். ஊரில் எல்லாரும் என்னைப் பார்த்தால் பேச்சை மாற்றுகிறார்கள். கெடுத்தவள்தானே சரிசெய்ய வேண்டும்? கையில் ஒரு பையோடு போனேன். முற்றத்தில் ஆட்டு நாய்க்குட்டி ஒன்றைப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன நெஸ்டா, வழி தப்பிட்டியா?"

"உன்னைப் பாக்கத்தான் வந்தேன்."

"கேக்கு கொண்டாந்தியா?"

கொண்டுபோயிருந்தேன். பையைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். "டில்லிஸ், நீ என்னிக்காவது ஹாட்ச்கிஸ்கிட்ட பாதைக்கு அனுமதி கேட்டிருக்கியா?"

"எதுக்கு? பாதைன்னா நடக்கத்தானே? ஒரு தடவ அந்த மனுஷன், 'ஏம்மா, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா என்ன?'ன்னாரு. 'இந்தக் கோட்டைய கட்டினவன் உங்ககிட்ட சொல்லிட்டா ஏறினான்?'ன்னேன். சிரிச்சுக்கிட்டே ஒதுங்கிட்டாரு."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, எம்லின். கோபமாக இருக்கத்தான் போனேன், முடியவில்லை.

"இப்ப சங்கிலி இருக்கே, என்ன பண்றே?"

"நாய் கீழ நுழையுது. நான் மேல தாண்டுறேன். வர்றியா?"

இந்த முழங்காலோடு, ஐம்பத்தைந்து வயதில், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் சங்கிலி தாண்டினேன்! அம்மா பார்த்திருந்தால் கல்லறையிலிருந்து எழுந்து வந்திருப்பாள். பெரணிச் செடியெல்லாம் செம்பட்டையாகப் பழுத்து மலையே பற்றிக்கொண்ட மாதிரி இருந்தது. டில்லிஸ் முன்னால் போனாள். என்ன நடை அது! திரும்பிப் பார்ப்பதில்லை, யாராவது வருகிறார்களா என்ற பயமில்லை. தன் வீட்டு அடுக்களைக்குள் போகிறவள் மாதிரி மூன்று கரையையும் ஏறினாள். நான் பாதி நாள் வேலியோரம் ஒடுங்கியே நடந்தவள். கரைமேல் நின்றதும் எனக்குப் பாட வேண்டும் போல இருந்தது. பாடவில்லை, அவள் சிரிப்பாள்.

விசாரணைக்கு வருகிறாளாம். "உனக்காக இல்ல, நாய்களுக்காக" என்றாள். கேக்கையும் கடைசியில் மோஸ் தின்றது. மோஸ் அவள் நாய்.

அன்புடன்,
நெஸ்டா


சஸ்காச்சவன்,
5 அக்டோபர் 1986

அன்புள்ள அக்கா,

நலம். எழுதாததற்கு மன்னி. உட்கார்ந்தேன், கிழித்தேன், உட்கார்ந்தேன், கிழித்தேன்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். நீ சங்கிலி தாண்டிய இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். நாய் பெயர் இப்போதும் மோஸ்தானா? அப்போது இருந்ததும் மோஸ்தான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இருபது வருஷத்தில் முதல் இரண்டு வருஷத்தைப் பற்றி அந்த வக்கீல்கள் அவளை ரொம்பக் குடையாமல் பார்த்துக்கொள். முடிந்தால்.

எம்லின்


பெட்டன்ஹோப்,
23 நவம்பர் 1986

அன்புத் தம்பி,

நீ சௌக்கியமாக இருக்க வேண்டும். உட்கார்ந்து படி.

குடைந்தார்கள். மன்றம் நிறையக் கூட்டம். நகரத்து ஆட்கள் எழுதியதெல்லாம் பிந்திய வருஷங்களுக்கு மட்டும்தான். அதற்கு முன்னால் இருந்த காலம் முழுக்க டில்லிஸ் ஒருத்தி தலையில் நின்றது. சேறு படிந்த காலணியோடு வந்து உட்கார்ந்தாள். லாவிங்டனின் வக்கீல் ரொம்ப இனிமையாகப் பேசினார்.

"முதல் இரண்டு வருஷம் நீங்க தனியாத்தான் போனீங்களா?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு என்ன கட்டாயம்? ஆமாம் தனியாகத்தான் என்றால் முடிந்தது. அவள் பொய் சொல்லவில்லை.

"இல்ல. ஒருத்தர் கூட வந்தார். எம்லின் கஃப்."

மன்றமே என் பக்கம் திரும்பியது. எனக்குக் காதுவரை சூடேறியது.

"அவரோட சொந்த அக்காவே சாட்சியில இதைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலையே? ஊருக்குத் தெரியாம சந்திக்கத்தானே மலைக்குப் போனீங்க? ஒளிஞ்சு நடந்த நடை கணக்குல வராது, தெரியுமா?"

அவருக்கு அந்த இரண்டு வருஷம் போதும். இருபது பதினெட்டாகிவிடும், பாதை போய்விடும். டில்லிஸ் எழுந்து நின்றாள். தன்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதவள், எம்லின், ஊரே உட்கார்ந்திருக்க நிமிர்ந்து நின்று பேசினாள்.

"ஒளியல. பட்டப்பகல்ல போனோம். கையைக் கோத்துக்கிட்டுப் போனோம். பண்ணை வாசல் வழியாப் போனோம். அவன கட்டிக்கப் போறேன்னு நினைச்சுக்கிட்டுப் போனேன். எதுக்கு ஒளியணும்?"

ஹாட்ச்கிஸ்ஸின் விதவை ஏடா முன் வரிசையிலிருந்து கைத்தடியைத் தட்டினாள். "நான் பாத்தேன். சன்னல்லேர்ந்து தினமும் பாத்தேன். என் வீட்டுக்காரர், 'இதுங்க ரெண்டும் நம்மள ஒரு வார்த்த கேக்குதா பாரு'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு." தபால்கார பென் எழுந்தான், "நானும் பாத்தேன்." அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஊருக்கே தெரிந்திருக்கிறது! நம் வீட்டுக்கு மரியாதை கொடுத்து என்னிடம் மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வெளியே வந்து அவள் கையைப் பிடித்தேன். "ஏன் நின்னுபோச்சு?" என்றேன்.

"உன் தம்பி உங்கம்மாவைக் கேட்டான். அவங்க வேண்டாம்னாங்க. அவன் 'சரிம்மா'ன்னுட்டான். அவ்வளவுதான் கதை." நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அம்மா அடக்கத்தன்று அவள் ஏன் கோயிலுக்கு வரவில்லை என்று இப்போது தெரிகிறது. எனக்கு அம்மா மேல் கோபம், உன் மேல் அதைவிடக் கோபம். அவளை நினைத்தால் மட்டும் நெஞ்சு நிமிர்கிறது. இந்த ஊரில் இப்படி ஒரு பெண் இருந்திருக்கிறாள், நான் அவளை நாய்க்காரி என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

தீர்ப்புத் தபாலில் வருமாம்.

நெஸ்டா


சஸ்காச்சவன்,
14 டிசம்பர் 1986

அன்புள்ள அக்கா,

உன் முழங்கால் எப்படி? இங்கே பனி சன்னல் மட்டத்துக்கு ஏறிவிட்டது. நான் நலம் என்றுதான் எழுத வேண்டும்.

அவள் சொன்னதெல்லாம் உண்மை. ஊர் நடுவில் எழுந்து நின்று அவள் அதைச் சொன்ன இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

ஏப்ரலில் எனக்கு இரண்டு மாத விடுப்பு வருகிறது. ஊருக்கு வரலாமா என்று பார்க்கிறேன். டில்லிஸிடம் கேட்டுச் சொல். நான் வருவதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லையென்றால்தான் டிக்கெட் எடுப்பேன். வேண்டாம் என்றால் வர மாட்டேன். தயவுசெய்து கேள், அக்கா.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

எம்லின்


பெட்டன்ஹோப்,
22 பிப்ரவரி 1987

அன்புத் தம்பி எம்லினுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். ஏடாவுக்கு மட்டும் சளி.

ஜெயித்துவிட்டோம்! பொதுப்பாதை, என்றைக்கும், எல்லாருக்கும். தீர்ப்பில் விசாரணை நடத்திய அதிகாரி, மிஸ் பெடோஸின் சாட்சியில் ஒரு இம்மி சந்தேகமும் தனக்கு இல்லை என்று எழுதியிருக்கிறார். வியாழக்கிழமை சங்கிலியைக் கழற்றினார்கள். லாவிங்டனே வந்து கழற்றினார், அதையும் சொல்ல வேண்டும். ஊரே கைதட்டியது. டில்லிஸ் வரவில்லை. கைதட்டல் சத்தத்தில் நாய்கள் மிரளுமாம்.

இன்று காலை அவளோடு ஏறினேன். இப்போதெல்லாம் அவளோடுதான் ஏறுகிறேன். ராத்திரி பெய்த பனி இரண்டாம் கரையில் இன்னும் கரையவில்லை. வேல்ஸ் மலைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு வெயில் காய்ந்தன. உன் கடிதத்தை இரண்டு மாதமாகப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுதான் கேட்டேன்.

"டில்லிஸ், எம்லின் ஏப்ரல்ல வரலாமான்னு எழுதியிருக்கான். நீ சரின்னாத்தான் வருவானாம்."

அவள் சீழ்க்கை அடித்தாள். மோஸ் ஓடி வந்தது. குனிந்து அதன் காதைத் தடவிக்கொடுத்தாள்.

"இன்னும் கேட்டுக்கிட்டேதான் இருக்கானா அவன்?" என்றாள். "இத்தன பாடு பட்டும் உங்க குடும்பத்துக்கு ஒண்ணும் மண்டையில ஏறலையா? அவனுக்கு எழுது நெஸ்டா. கேட்டுட்டு வந்தா அது நான் காட்டுற தயவு. கேக்காம வந்தா அது அவன் உரிமை."

முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. காற்று என்றாள். காற்றே இல்லை.

இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுதாதே.

உன் அக்கா,
நெஸ்டா